எழுதாத தண்ணீர்

மனைவியின் மூத்திரத்தை அளந்து கொட்டுவது அவர் வேலை. காலை ஆறு மணிக்குக் கட்டிலோரம் தொங்கும் பையின் குழாயைத் திறந்து, பிளாஸ்டிக் ஜாடியில் பிடித்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அளவுக் கோட்டைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பார். மேலிருந்து பார்த்தால் கூடுதலாகத் தெரியும், கீழிருந்து பார்த்தால் குறைவாகத் தெரியும். நர்சம்மா இடுப்புயரத்தில் பிடித்தபடியே ஒரு பார்வை பார்த்து எழுதியதை முதல் நாள் கண்டவர், "நீங்க போங்கம்மா, இது நம்ம தொழில்" என்று தாளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

தொழில் பெட்ரோல் பங்க்கில். இருபத்தாறு வருடமாக, வண்டி வந்து நின்றதும் "ஜீரோ பாத்துக்கோங்க" என்ற பிறகுதான் குழாயைத் தூக்குவார். அவசரத்தில் இருப்பவர்கள் "பாத்தாச்சு, ஊத்துய்யா" என்று எரிந்து விழுந்தாலும் அவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை கை நகராது. கூட வேலை செய்கிறவர்கள் அவரை மீட்டர் என்றே கூப்பிட்டார்கள். மனைவி அதை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்து பரப்பிவிட்டாள்.

அவள் சட்டைக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். ஒரு நூல் பிசிறினாலும் சட்டையைத் திருப்பி அனுப்புகிற கண். இப்போது அவள் இதயம் கால்வாசிதான் வேலை செய்தது. குடிக்கிற தண்ணீர் வெளியே போகாமல் காலில் இறங்கியது, நுரையீரலில் ஏறியது. அதனால் மாத்திரைக்கு, தேநீருக்கு, சூப்புக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லிதான். உள்ளே போனதும் வெளியே வந்ததும் தாளில் ஏற வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டரம்மா மருந்து எழுதுவார். எடை ஏறாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை வீடு.

"இன்னும் சில மாசம்னு நெனச்சுக்கோங்க" என்று டாக்டரம்மா அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவர் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தார். மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தனை மாசமாம்?"

அவர் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தார்.

"சொல்ல வேணாம் விடுங்க. என் வீட்டுல, என் கட்டில்ல படுத்துக்கிட்டு, நீங்க பாத்திரம் தேய்க்கிற அழகைப் பாத்துக்கிட்டே போய்ச் சேந்துடறேன். இந்த ரப்பர் ஷீட்டு மேல மட்டும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் இல்லை. அன்றைய எண்ணூறில் மிச்சம் இருந்தது இரவு மாத்திரைக்கு வேண்டிய நூறு மில்லிதான். அவள் உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தாள். ஈரத்துணியால் உதட்டை ஒற்றிவிட்டார்.

"துணியைப் பிழிஞ்சு குடிக்கச் சொல்றீங்களா?"

"பொறுத்துக்கோம்மா. அஞ்சு நாள்தான்."

"தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காத பாவம் உங்களை விடாது, பாத்துக்கோங்க." கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்தது. "ஒரே ஒரு டம்ளருங்க. எச்சில் முழுங்கிப் பாத்துட்டேன், அதுவும் வரல."

முப்பது வருடத்தில் அவள் அவரிடம் கெஞ்சியதில்லை. அதட்டுவாள், குத்திக்காட்டுவாள், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். கெஞ்சல் அவருக்குப் புதிது. எழுந்து கோடு போட்ட டம்ளரில் ஊற்றினார். அப்போதும் இருநூற்றைம்பது கோட்டில்தான் நிறுத்தினார்.

"எனக்கும் ஜீரோ காட்டுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்று அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவர் பேனாவை எடுத்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதீங்க. எழுதினா வெள்ளிக்கிழமை போச்சு."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

திங்கள், செவ்வாய், புதன். மதிய மாத்திரை முடிந்து நர்சம்மா அந்தப் பக்கம் போனதும் ஒரு டம்ளர். அவள் குடிப்பாள், அவர் ஜன்னலைப் பார்ப்பார். நாலு நாளில் சரியாக ஒரு லிட்டர். கூட்டிப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தார், கணக்கு தானாக ஓடியது.

வியாழக்கிழமை காலை எடைபோடும் இயந்திரத்தில் ஒரு கிலோ ஏறியிருந்தது. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. மூச்சு கொஞ்சம் இழுத்தது. டாக்டரம்மா தாளை இரண்டு முறை புரட்டினார்.

"உள்ள போனது எண்ணூறைத் தாண்டவே இல்லையே."

"அதுல தப்பு வராது டாக்டர்" என்றாள் நர்சம்மா. "அண்ணன் எழுதினது. நாங்க சரிபார்க்கிறதுகூட இல்ல."

"அப்போ நீர் பிரியற மாத்திரைதான் போதல. ரெண்டு மடங்கா ஏத்திடலாம், ஏறின எடை இறங்கிடும். இன்னிக்கு ஆரம்பிச்சிட்டு, நாளைக்கு வீட்டுக்குப் போய் அங்கேயே தொடரட்டும்."

அவள் கட்டிலில் இருந்தபடி அவரைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சினிமாவுக்கு டிக்கெட் கிடைத்தபோது சிரித்த மாதிரி. நாளைக்கு வீடு. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

டாக்டரம்மா எழுதத் தொடங்கியிருந்தார்.

"டாக்டரம்மா, அந்தத் தாள் தப்பு" என்றார் அவர்.

பேனா நின்றது.

"நாலு நாளா தினம் ஒரு டம்ளர் அதிகமாக் குடுத்திருக்கேன். இருநூத்தியம்பது வீதம். எழுதல."

யாரும் திட்டவில்லை. நர்சம்மா தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதை நம்பி ரெண்டு மடங்கு மருந்து குடுத்து அனுப்பியிருந்தா, வீட்டுல வெச்சு சிறுநீரகம் நின்னிருக்கும். இப்பவாவது சொன்னீங்களே." பிறகு அவளிடம், "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்மா. இனிமே சிஸ்டரே அளப்பாங்க."

அவர்கள் போன பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு முட்டும் என்று தெரிந்தும் படுத்துக்கொண்டாள்.

"சொல்லாம இருக்க முடியலம்மா."

முதுகு ஏறி இறங்கியது.

"ரெண்டு திட்டாவது திட்டிடேன்."

கூட்டிப் பெருக்குகிற பெண் வாளியோடு வாசலில் வந்து நின்றாள். "பதினோரு மணியாச்சுங்க ஐயா. தரை துடைக்கணும். கொஞ்சம் வெளிய இருங்க." அவர் தலையாட்டினார். விலகியிருந்த போர்வையை இழுத்து அவள் கால்களை மூடினார். காலை உதறிக்கொள்ளவில்லை, அசைக்கவும் இல்லை.

"சாயங்காலம் மக போன் பண்ணுவா. நாளைக்கு அம்மா வீட்டுல இருப்பாளான்னு கேப்பா. என்ன சொல்லட்டும்?"

பெருக்குகிற பெண் வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தாள்.

"சரி. போயிட்டு வரேன்" என்றார்.

கதவருகே ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.