எந்தக் குழாய் என்று புத்தகத்தில் இல்லை

ஜெயரூபியிடம் ஒரு கெட்ட பழக்கம். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். இரணைமடுக் குளத்தில் இரண்டு வான்கதவு திறந்திருக்கிறது என்று யாராவது பஸ்ஸில் சொன்னால் போதும், ஏன் மூன்றாவதைத் திறக்கவில்லை என்று அந்த ஆளைப் பிடித்துக்கொள்வாள். கிளிநொச்சியில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் நாங்கள் ஒன்றாக வேலை செய்கிறோம். நான் முன்மேசையில் இரத்தம் எடுப்பவள், அவள் உள்ளறை. ஆறு வருடமாக அவளுடைய கேள்விகளுக்கு நான்தான் முதல் பலி.

உள்ளறை வேலையை ஒருநாள் எனக்குக் காட்டினாள். சத்திரசிகிச்சையில் எடுத்த சதைத் துண்டு போத்தலில் வரும். அதை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகை விட மெல்லியதாகச் சீவி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சிலைட்டில் ஏந்துவாள். பிறகு சாயம். முதற் சாயம் கலங்களின் கருக்களில் சிவந்துதான் பிடிக்கும். தண்ணீரில் கழுவ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகிவிடும். அந்த நீலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் டொக்டர் யோகலிங்கம் புற்றுநோயா இல்லையா என்று சொல்வார். நீலம் பிழைத்தால் எல்லாமே பிழை.

இந்த வேலைக்கு இனிச் சான்றிதழ் வேண்டும் என்று வந்தது. கொழும்பில் பரீட்சை. ஒருநாள் எழுத்து, ஒருநாள் செய்முறை. இரண்டே தரம்தான் தோற்றலாம். இரண்டாவதும் தவறினால் அவள் முன்மேசைக்கு வந்துவிட வேண்டும், உள்ளறைக்கு வேறொருவர் வருவார். என்னோடு இருப்பது அவ்வளவு பெரிய தண்டனையா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் தரம் தவறிவிட்டாள். எழுத்தில் எண்பத்தொரு புள்ளி. செய்முறையில் சறுக்கிவிட்டது. பத்து நிமிடம் கழுவியும் கருக்கள் சிவப்பாகவே நின்றனவாம். பக்கத்து மேசையில் நின்ற வின்சனுக்கும் அதே கதி. அவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் இதே வேலை செய்கிறார். இருவரும் ஒரே ரயிலில் திரும்பி வந்திருக்கிறார்கள். மாங்குளத்தில் இறங்கும்போது வின்சன், "என்ர கை சரியில்லை அக்கா. இனி நான் சோதினைக்கு வரேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அடுத்த பத்து மாதமும் ஜெயரூபி மீதி மெழுகுக் கட்டிகளைச் சீவிச் சீவிப் பழகினாள். ஒவ்வொரு சிலைட்டும் ஒரு நிமிடத்திலேயே நல்ல நீலமாக வந்தது. அதுதான் அவளுக்கு விசரைக் கிளப்பியது.

"இங்க வருது, அங்க வரேல்லை. ஏன்?"

"உமக்குப் பயம்" என்றேன்.

"எனக்குப் பயமெண்டால் கரு ஏன் சிவக்குது?"

எனக்கு எரிச்சலாக இருந்தது.

வைகாசியில் ஒரு புதன்கிழமை கிணற்று மோட்டர் எரிந்துபோனது. குழாயில் ஒரு சொட்டு இல்லை. டொக்டரோ சிலைட் பார்க்க வந்து உட்கார்ந்துவிட்டார். கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் சிறுநீரகம் போய்விடும் என்று நாங்கள் எல்லோரும் வடிகட்டிய தண்ணீரைத்தான் பெரிய பிளாஸ்டிக் கானில் வாங்கிக் குடிக்கிறோம். அந்தக் கானை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவள் அந்தத் தண்ணீரில் சிலைட்டுகளைக் கழுவினாள். நீலம் வரவில்லை. அவளுடைய முகமோ பெருநாள் வந்ததுபோல் மலர்ந்துவிட்டது.

"கொழும்பில வந்த சிவப்பு இதுதான்" என்றாள்.

நேரே குசினிக்குப் போய்ப் பழைய கேத்திலைக் கவிழ்த்துப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் கொதித்த காலத்து வெள்ளைப் படிவு அடியில் ஒரு விரல் மொத்தத்துக்கு இருந்தது.

"இவ்வளவு சுண்ணாம்பு இருக்கிற தண்ணியில கழுவித்தான் நான் கெட்டிக்காரியா இருந்திருக்கிறன். கொழும்புக் குழாயில இது இருந்திருக்காது."

பக்கத்துக் கடைக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வந்தோம். சிவந்து நின்ற சிலைட்டுகள் அதில் நீலமாகின. அதோடு விட்டாளா? புதிதாகச் சாயம் போட்ட சிலைட்டுகளுக்கு மூன்று கிண்ணம் வைத்தாள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கான் தண்ணீர், மூன்றாவதில் கான் தண்ணீரோடு ஒரு சிட்டிகை அப்பச்சோடா. நடுக் கிண்ணத்தில் மட்டும் நீலம் வரவில்லை. டொக்டர் அவளுடைய பாடப்புத்தகத்தை எடுத்து, "குழாய்நீரில் கழுவுக" என்று வாசித்தார்.

"எந்தக் குழாய் எண்டு போடேல்லையே, டொக்டர்."

அவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சிலைட்டை மட்டும்தான் பாக்கிறனான். கழுவுற தண்ணியைப் பாக்கிறேல்லை" என்றார்.

வின்சனிடம் சொல்லச் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். "நான் நினைக்கிறது பிழையெண்டால்? அந்த மனுசனுக்கு மிச்சம் இருக்கிறது ஒரு தரம்தான்."

ஆவணியில் பரீட்சை. துணைக்கு நானும் போனேன். செய்முறை முடிந்து வெளியே வந்தவள், வாங்கில் காத்திருந்த என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். சாயங்கள் இருந்த தட்டில் அப்பச்சோடா கரைத்த தண்ணீர் ஒரு போத்தலில் இருந்ததாம், 'குழாய்நீருக்குப் பதிலாக' என்று ஒட்டி. முதல் தரமும் அது அங்கேதான் இருந்தது. குழாய் இருக்கும்போது பதில் எதற்கு என்று அன்றைக்கு அதைத் தள்ளிவைத்துவிட்டு வேலை செய்திருக்கிறாள். வின்சனும் அப்படித்தான். வாழ்நாளில் அது தேவைப்படாத ஆட்கள் வேறென்ன செய்வார்கள்? இந்த முறை அதைத் திறந்து ஊற்றினாள். அரை நிமிடத்தில் நீலம்.

ஆறு கிழமைக்குப் பிறகு வந்த முடிவில் சித்தியடைந்துவிட்டாள் என்று இருந்தது. பரீட்சையன்று எங்களுக்கு அது தெரியாது. ஆனாலும் திரும்பி வந்த ரயில் அநுராதபுரத்தைத் தாண்டுவதற்கு முன்பே அவள் வின்சனுக்குப் போன் எடுத்துவிட்டாள். போனை எனக்கும் கேட்கும்படி வைத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"அப்ப என்ர கை?" என்று கேட்டார்.

"உங்கட கையில ஒரு பிழையும் இல்லை வின்சன். தண்ணிதான்."

மாங்குளத்தில் ரயில் நின்றது. மேடையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் யன்னல் யன்னலாகத் தேடிக்கொண்டு வந்தார். வின்சன்தான். மூச்சு வாங்க ஒரு போத்தலை உள்ளே நீட்டினார். "எங்கட கிணத்துத் தண்ணி. இதையும் ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ அக்கா. நான் அடுத்த முறைக்கு விண்ணப்பம் போடப்போறன்."

ரயில் வெளிக்கிட்ட பிறகும் அங்கேயே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஜெயரூபி போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சி வரை அழுதுகொண்டு வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.