நாலு நாள் தாடி

எங்கள் அச்சுக்கூடத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்த தனிஸ்லாஸின் முகத்துக்கு மதுரையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உடம்புச் சூடு என்றார் ஒருவர். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காத பலன் என்றார் இன்னொருவர். முதலாளியின் மைத்துனர் மேகநோய் என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து தன் தம்ளரைத் தனியாக எடுத்துப் பூட்டி வைத்துக்கொண்டார். நான் அங்கே அச்சுக் கோர்ப்பவன், பேர் மலைச்சாமி, அவனியாபுரத்துக்காரன். தனிஸ்லாஸோடு பத்தொன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவன். அவனுக்கு ஒரு பெண்ணின் கையைப் பிடித்த பழக்கம்கூடக் கிடையாது. ஆனால் முகம் அப்படி இருக்கும்போது யார் நம்புகிறார்கள்?

சவரம் செய்த மறுநாள் தாடையிலும் கழுத்திலும் கடுகு கடுகாகச் சிவந்து கிளம்பும். அதற்கடுத்த நாள் பாதி சீழ் கோத்துவிடும். அவனுக்கு முடி சுருட்டை. வெட்டுப்பட்ட முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே மடங்கி வளரும் என்பது அன்றைக்கு எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. அவனும் முள்வாங்கியையும் ஊசியையும் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நோண்டிக்கொண்டிருப்பான். சட்டைக் காலர் உரசி உரசி, சாயங்காலம் கழுத்துப் பட்டையில் ரத்தப் பொட்டு இருக்கும்.

புரூப் திருத்துவது ஒருவர் வேலையல்ல. ஒருவர் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியைக் கால்புள்ளி, முற்றுப்புள்ளி உட்படச் சத்தமாகப் படிக்க வேண்டும். மற்றவர் அச்சான தாளைப் பார்த்துத் திருத்த வேண்டும். அவனுக்கு எதிரே படிக்க இருந்தவர், அந்த முகத்தை மூன்றடி தூரத்தில் நாளெல்லாம் பார்க்க முடியாது, தன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன என்று சொல்லி வேறு வேலை கேட்டு வாங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. தனிஸ்லாஸ் ஒரு வரியைத் தானே சத்தமாகப் படிப்பான், பிறகு தானே குனிந்து திருத்துவான். எதிரே ஆள் இருப்பது போலவே படிப்பான். நாங்கள் சிரிப்போம்.

அப்பா அம்மா இரண்டு பேரும் அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார்கள். ஆரப்பாளையத்தில் ஓர் ஓட்டு வீட்டில் ஒற்றை அறை. முதன்முதலாகப் பெண் பார்க்கப் போன வருஷம், எப்படியும் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் புதுமண்டபத்தில் பித்தளைத் தட்டு இரண்டு வாங்கி வந்தான். ஒன்றில் சாப்பிட்டான். இன்னொன்று காகிதம் சுற்றியபடியே அலமாரியில் இருந்தது. அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் காகிதத்தைப் பிரிக்க ஒருத்தி, அவ்வளவுதான். மூன்று இடம் பார்த்தான். மூன்று இடத்திலும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜாதகமே பார்க்காத கிறிஸ்தவர்கள்கூட நாள் சரியில்லை என்றார்கள்.

நாங்கள் எவ்வளவு பெரிய மடையர்கள் என்று இப்போது தெரிகிறது. பெண் பார்க்கப் போகிற நாளுக்காகவே அவன் ஒட்டச் சிரைத்துக்கொள்வான். அதனாலேயே அந்த நாளில்தான் அவன் முகம் இருப்பதிலேயே மோசமாக இருக்கும்.

வருஷத்தில் ஒரு தடவை அந்த முகத்துக்கு விடுதலை உண்டு. அவர்களுடைய தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதனிலிருந்து பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர் வரை அவன் கத்தியைத் தொடமாட்டான். வேதக்காரர்களில் சிலர் அப்படித் தாடி வைத்து ஒறுத்தல் செய்வதுண்டு. கோயிலில் அவனைப் பக்திமான் என்றார்கள். முதல் வாரம் அரிக்கும், மூன்றாம் வாரம் தோல் ஆறும், ஐந்தாம் வாரத்தில் தாடிக்கு மேலே தெரிகிற கன்னம் பளிச்சென்று இருக்கும். பார்க்க ராஜா மாதிரி இருப்பான். ஆனால் தபசு காலத்தில் அவர்களுக்குள் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. பாஸ்கு விடிந்தால் தாடி போகும், கல்யாணப் பேச்சு வரும், கூடவே கட்டியும் வரும். முகம் நன்றாக இருக்கும்போது பார்க்க ஆளில்லை. ஆள் பார்க்கும்போது முகம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத் தபசு காலத்தில் ஆனிமேரி வந்தாள். செல்லூரில் வீடு, அப்பா அருளப்பன், பென்ஷன் வாங்குகிற ஹெட் கான்ஸ்டபிள். அவள் மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். அந்தப் பள்ளிக்காக ஒரு பூகோளப் புத்தகம் எங்களிடம் அச்சாகிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் பிரதி அவளுடையது. கோழி கிளறியது போல இருக்கும். தனிஸ்லாஸ் திணறுவதைப் பார்த்துவிட்டு, நானே படிக்கிறேன் என்று அந்தக் காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வாரத்தில் மூன்று சாயங்காலம், பள்ளி விட்டதும் வருவாள். வைகை, கால்புள்ளி, வருஷநாட்டு மலையில் உற்பத்தியாகி, கால்புள்ளி என்று நிறுத்தி நிறுத்திப் படிப்பாள். அவன் குனிந்து திருத்துவான். வேறு பேச்சே கிடையாது. ஆனால் அவள் வராத நாட்களில் அவன் தனக்குத்தானே படிக்கும் குரல் தாழ்ந்துபோனதை நான் கவனித்தேன். சிரிக்கத் தோன்றவில்லை.

ஒருநாள் அவள், யாருக்காக வேண்டிக்கொண்டு தாடி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாளாம். வேண்டுதலே இல்லை, சிரைத்தால் முகம் பொரிந்துவிடும் என்று இவன் உண்மையைச் சொல்லிவிட்டான். முப்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னான். அவளுடைய அண்ணன் போலீஸில் இருந்தார். பரேடுக்காகத் தினமும் சவரம் செய்து அவருக்கும் இதே கதிதானாம். அவள் சொன்னதையெல்லாம் பிறகு அவன் எனக்கு வரி பிசகாமல் சொன்னான்.

"ஒட்டச் செரைச்சா நுனி உள்ளயே மடங்கிரும். மொதல்ல வெந்நீர்த் துணிய வச்சு நல்லா ஊற விடணும். முடி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமாவே கத்தி போகணும், ஒரு வாட்டிதான். எதிர்க்கத்தி வேணாம், படிகாரம் வேணாம். ஊசியத் தூக்கி வீசிருங்க. அரிசி அளவு முடி நின்னா என்ன கொறைஞ்சு போகுது?"

கடைசி புரூப் பெரிய வியாழனுக்கு முதல் நாள் முடிந்தது. பாஸ்குக்குப் பிறகு உங்கள் வீட்டுக்குக் கோயில் உபதேசியாரைப் பெண் கேட்டு அனுப்பலாமா என்று தனிஸ்லாஸ் கேட்டான். நான் கோர்ப்புப் பலகையின் பின்னால் எழுத்தைப் பொறுக்குவது போல நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் தாள்களை அடுக்கி நூலால் கட்டி முடித்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"அனுப்புங்க. ஆனா நீங்க வாரப்ப செரைக்காம வாங்க. நாலு நாள் தாடியோட வாங்க. அப்பாகிட்ட நான் சொல்லி வைக்கிறேன்."

அந்தக் காலத்தில் கல்யாணமாகாத ஒரு பெண் தன் தகப்பனிடம் போய், இன்ன ஆள் வருவார், அவர் தாடியோடு வருவார், அதற்கு இதுதான் காரணம் என்று சொல்வது லேசான காரியமா? அதை நான் யோசிக்கவே இல்லை. அவன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

பாஸ்குக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். பெரிய தாடியைப் புதன்கிழமையே எடுத்துவிட்டு, அவள் சொன்னபடி நாலு நாள் முடியோடு அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நான் காலையில் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி இருக்கிறாயே, இந்த மூஞ்சியோடா நல்ல காரியத்துக்குப் போவாய் என்று திட்டினேன். டீச்சர் சொன்னதை அவன் சொன்னான்.

"டீச்சரம்மா ஆயிரம் சொல்லும். அவுக அப்பன் போலீஸ்காரன், மாப்ள. மழுமழுன்னு போனாத்தான் மதிப்பான். எந்திரி."

அவன் இரண்டு தடவை வேண்டாம் என்றான். மூன்றாம் தடவை கண்ணாடியைப் பார்த்தான். மூன்று இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்ட முகம். அந்த முகத்தை நம்ப அவனுக்குத் தைரியம் போதவில்லை. அவள் சொல்லை நம்பியிருக்கலாம். எழுந்து வந்துவிட்டான்.

வேப்ப மரத்தடியில் சவரம் செய்யும் மொக்கையனிடம் உட்கார வைத்தேன். மொக்கையன் கைக்கு ஆரப்பாளையமே சாட்சி. தன் கத்தி பட்ட கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்பார். மாப்பிள்ளைச் சவரம் என்று நான்தான் சொன்னேன். இரண்டு முறை எதிர்க்கத்தி போட்டு, நான் கேட்டுக்கொண்டபடி மூன்றாவதும் போட்டு, படிகாரக் கட்டியை அழுத்தித் தேய்த்தார். தனிஸ்லாஸின் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக நின்றேன்.

சித்திரை வெயிலில் வைகை மணலைக் கடந்து செல்லூருக்குப் போனோம். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கஞ்சி போட்ட காலர் கழுத்தை அறுக்க, வேர்வை ஊற, கரை ஏறும்போதே தாடை முழுவதும் சிவந்துவிட்டது. புதன்கிழமை தாடி எடுத்ததில் கிளம்பிய கட்டிகள் உள்ளே ஆறாமல் இருந்திருக்க வேண்டும், மொக்கையன் கத்தி அவற்றின் தலையைச் சீவிவிட்டிருந்தது. அருளப்பன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபோது இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது. திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

அருளப்பன் தனிஸ்லாஸைப் பார்த்தார், பிறகு உள்கதவைப் பார்த்தார். தாடியோடு வருவார் என்றல்லவா சொன்னாள் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஆனிமேரி காப்பி கொண்டுவந்தாள். தம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்து ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை உபதேசியார் வந்து, சரிப்படவில்லை என்றார். அந்தத் தங்கைக்காரி ஏதோ நோய் என்று கிளப்பிவிட்டாளாம். நானும் அப்படியே நம்பினேன். ஊரும் அதையே பேசியது. தனிஸ்லாஸ் அதற்குப் பிறகு பெண் பார்க்கப் போகவில்லை.

எட்டு வருஷம் கழித்து, உலகச் சண்டைக் காலத்தில், ரயிலடியில் ஆனிமேரியைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை. கட்டிக்கொண்ட ஊர் திண்டுக்கல். அவளாகவே அடையாளம் கண்டு நலம் விசாரித்தாள். மனசு கேட்காமல் நான் பழைய பேச்சை எடுத்தேன். உங்கள் அத்தை வாயால் ஒரு நல்ல மனிதன் தனியாக நிற்கிறான் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"அத்தை பேச்ச அப்பா காதுலயே வாங்கலண்ணே. எங்க அண்ணனுக்கு இருந்ததுதானே, அப்பாவுக்குத் தெரியாதா? என்னைக் கூப்பிட்டு ஒனக்குச் சம்மதமான்னு கேட்டார். நாந்தான் வேணாம்னு சொன்னேன். வீட்டுல அம்புட்டுப் பேர் முன்னாடியும் வாயத் தொறந்து சொல்லி வச்சிருந்தேன். நான் சொன்ன ஒரு வார்த்தைய உங்க சிநேகிதர் நம்பலையே."

வண்டி வந்தது. ஏறும்போது, இப்போதும் எதிர்க்கத்திதானா என்று கேட்டாள். இல்லை, அன்றிலிருந்து நீங்கள் சொன்னபடிதான் என்றேன். அவள் குழந்தையை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தாள்.

அது உண்மை. செல்லூரிலிருந்து திரும்பிய வாரத்திலேயே அவன் மொக்கையனிடம் போவதை நிறுத்திவிட்டான். தானே கத்தி வாங்கினான். ஊசியை வீசிவிட்டான். ஆனிமேரியை ரயிலடியில் பார்த்த மறுநாள் ஞாயிறு, நான் அவன் அறைக்குப் போனபோதும் வெந்நீரில் நனைத்த துணியை முகத்தில் ஒற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். பிறகு முடி சாயும் பக்கமாகவே மெதுவாக ஒரு வாட்டி கத்தியை ஓட்டினான். அரிசி அளவு நரைமுடி நின்றது. ஒரு கட்டி இல்லை, ஒரு தழும்பு இல்லை. அவ்வளவு சுத்தமான முகத்தை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தட்டில் பழைய சோற்றைப் போட்டான். இன்னொரு தட்டின் மேல் சுற்றியிருந்த காகிதம் பழுத்து ஓரமெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது.

நான் ரயிலடிச் சங்கதியைச் சொன்னேன். மொக்கையன் முன்னால் உன்னை உட்கார வைத்தவன் நான்தான் என்றும் சொன்னேன்.

"தெரியும் மாப்ள," என்றான். "காப்பிய வச்சிட்டு என்னையப் பாத்தாங்கள்ல, அப்பவே தெரியும். அருவருப்பா பாக்குறது எனக்குத் தெரியாதா, எம்புட்டுப் பாத்திருக்கேன்? இது அந்தப் பார்வை இல்ல. நீ கூப்பிட்டேன்னு நான் ஏன் வந்தேன்? அதத்தான் எட்டு வருசமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

திங்கட்கிழமை அச்சுக்கூடத்தில் அவன் வழக்கம்போல ஒரு வரி படித்து ஒரு வரி திருத்திக்கொண்டிருந்தான். எதிரே அந்த நாற்காலி. அந்த முகம் ஆறி எட்டு வருஷம் ஆகியும் ஒருவரும் அதில் உட்காரவில்லை. ஒருவரும் என்றால் நானும்தான். மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டு பத்தொன்பது வருஷம் கோர்ப்புப் பலகைக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறேன். மேகநோயோ என்னவோ என்று எனக்கும் ஒரு ஓரத்தில் பயம் இருந்தது. வெட்கக்கேடு. கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியை இழுத்தேன். நான் படிக்கிறேன், நீ திருத்து என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். கோபமெல்லாம் இல்லை.

"வேணாம் மாப்ள. பழகிருச்சு," என்று சொல்லிவிட்டு, அடுத்த தாளை எடுத்து எதிரே ஆள் இருப்பது போலவே படிக்க ஆரம்பித்தான்.