மூன்றாவது நகல்

எங்கள் ஆற்றுப் பாதுகாப்புக் குழுவுக்கு நான் தலைவர். என்னைவிட இருபது வயது இளைய பெண் ஒருவர் செயலாளர். பாலாற்றில் கலக்கும் கால்வாய் கறுத்து ஓடியபோது, தண்ணீர் மாதிரி எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியை வரவழைத்தோம். எத்தனையாவது மனுவில் என்று கேட்காதீர்கள். தண்ணீர் பிடித்த கேனுக்கு அரக்கு முத்திரை வைத்தார். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்றதும், வேடிக்கை பார்த்த கூட்டம் கலைந்துவிட்டது. நான் போட்டேன். செயலாளரும் பேனாவை வாங்கினார்.

அந்தப் படிவத்தின் மூன்றாவது நகல், கால்வாயில் கழிவை விடும் தோல் தொழிற்சாலைக்குப் போகும். செயலாளரின் கணவருக்கு அங்கேதான் வேலை. படிவங்களோடு முப்பது வருடம் குப்பை கொட்டிய எனக்கு இது தெரியும், அவருக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டால் காரியம் முடிந்துவிடும்.

"இரும்மா. இதுல ஒரு காப்பி ஃபேக்டரிக்கும் போவும்."

பேனா நின்றது. "இப்ப சொல்றீங்களே சார்?"

"இன்னா மேடம், போடுறீங்களா, நான் கிளம்பட்டுமா?" என்றார் அதிகாரி.

செயலாளர் கணவரை போனில் அழைத்தார். ஷிஃப்டில் இருந்தவர் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். செயலாளர் ஜீப்பின் பானட் மேலேயே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க சார்," என்றார் என்னிடம். "அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. ரூலெல்லாம் உங்களுக்குத்தான அத்துப்படி."