தூசி அக்காவின் கண் மை

ஆய்வகத்தில் அவளைத் தூசி அக்கா என்பார்கள். பெயர் சும்மா வரவில்லை. மாதிரிகளைக் கரைக்கும் அறையில் யார் முடியாவது தொப்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தால் அர்ச்சனைதான். வீட்டில் புருஷன்கூட செருப்பைக் கழற்றிவிட்டு, உத்தரவு வாங்கித்தான் உள்ளே வருவார், பாவம்.

காரணம் இருக்கிறது. பழங்காலத்துக் கல்லில் துளி ஈயம் இருக்கும். அதன் ஐசோடோப்புகள், அதாவது எடையில் சற்றே வேறுபடும் அணுக்கள், எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று அளந்தால் கல் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று தெரியும். வெளி ஈயம் இம்மி கலந்தாலும் எல்லாம் பாழ்.

இந்த முறை பாழாகிவிட்டது. புதைகுழியில் கிடைத்த பச்சைக்கல் மணியை அளந்தபோது, எதுவும் போடாமல் சோதனைக்கு வைத்த வெற்றுக் குப்பியிலும் ஈயம் காட்டியது. மணியில் மிஞ்சியது ஒரே துணுக்கு.

"அதுவும் போச்சுன்னா, இந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமலே போயிடும்" என்றார் இயக்குநர் அம்மா.

அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். டிரைவரின் சட்டைப்பையை உதறினாள். நெட்டை ஆராய்ச்சியாளரின் தலைச்சாயத்தை வழித்துச் சோதித்தாள். ஒன்றுமில்லை.

நெட்டைதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். "கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க கையுறையில அது என்ன கறுப்பா?"

கண் அரித்தபோது புறங்கையால் தேய்த்திருக்கிறாள். நாத்தனார் வெளிநாட்டிலிருந்து ஆசையாய்க் கொண்டுவந்த மை அது. சோதித்தால், குப்பியில் இருந்த அதே ஈயம். அக்காவுக்கு மானமே போயிற்று. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அதோடு விட்டாளா, நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"உண்மையச் சொல்லும்மா. இந்த மைய எங்க வாங்கின?"

"வெளிநாட்டுல, அண்ணி."

"இதுல இருக்கிற ஈயம் நம்ம மலைச் சுரங்கத்துதுன்னு மெஷின் சொல்லுதே."

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. "உங்க தெருமுனைக் கடைதான், அண்ணி. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

மை டப்பா குப்பைக்குப் போனது. அறையை அவளே தேய்த்துக் கழுவினாள். வெற்றுக் குப்பி சுத்தமென்று வந்த பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசித் துணுக்கைக் கரைத்தாள்.

மறுநாள் இயக்குநர் அம்மா அறைக் கதவைத் தட்டி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னார். "கடல் தாண்டி வந்த கல்லு. சுரங்கம் துல்லியமா பொருந்துது."

அக்காவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய, கையிரண்டையும் முன்னால் நீட்டியபடியே வெளியே ஓடினாள். வெளியே வந்த பிறகுதான் துடைத்தாள்.