கழுகுக்குத் தெரியாத மூலை

என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் அவன் கண்ணிலிருந்துதான் தொடங்கவேண்டும். டெப்போவில் அவனுக்குப் பெயரே கழுகு. தெருக்கோடியில் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தால், கண்டக்டர் பார்ப்பதற்குள் இவன் பார்த்து பஸ்ஸை நிறுத்திவிடுவான். வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனையில் கடைசி வரிப் பொடி எழுத்தை மூச்சுவிடாமல் படித்துவிட்டு, "இதைவிடப் பொடிசா இருந்தா எடுங்க டாக்டர், பொழுது போகும்" என்று சொல்லிவிட்டு வருவான். அம்மா போனபின் அவனை வளர்த்தவள் நான். அறுந்து விழுந்த பொத்தானை நான் வீடு முழுக்கத் தேடுவேன். அவன் நின்ற இடத்திலிருந்தே விரலை நீட்டுவான்.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நகரப் பேருந்துதான். மதிய ஷிப்ட். அதே பஸ்ஸைக் காலையில் ஓட்டுகிறவர் அவனுடைய சிநேகிதர். எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டுவதால் அவருக்கு விசில் என்று பெயர். இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தவர்கள். பஸ்ஸுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து வந்த பிறகுதான் கெட்டது. இடது பக்க முன் மூலையில், கீழே, ஒரு கீறல் விழுந்தது. கொஞ்ச நாளில் அதன் பக்கத்திலேயே இன்னொன்று. விசில்தான் எங்கேயோ உரசுகிறார் என்றான் இவன். நீதான் என்றார் அவர். "என் கண்ணைப் பாத்தா இப்படிச் சொல்ற?" என்று இவன் எகிறியதில் பேச்சே நின்றுபோனது. அதுவரை சாவியைக் கையில் கொடுத்து முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனவர், அதன்பின் சாவியை சீட்டின்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். நான் தம்பி பக்கம்தான். வேறு யார் பக்கம் நிற்பேன்?

அப்படியிருக்கும்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் டெப்போவுக்கு வந்தாள். டிரைவர்களுக்கு முன்னால் ஒரு சின்னத் திரை வைக்கப்போகிறார்களாம். முன்னால் போகும் பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த நிறுத்தத்தில் எவ்வளவு கூட்டம் நிற்கிறது, இதையெல்லாம் எண்ணாகக் காட்டினால் ஓட்டுகிறவன் படித்துக்கொண்டிருக்க முடியுமா? படமாகக் காட்டினால் ஒரு பார்வையில் பிடிபடும். ஆனால் எந்த மாதிரிப் படம்? கம்பம் கம்பமாகவா, வட்டமாகவா, நிறம் மாறும் கோடாகவா? அதைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. டிரைவர்களை ஒவ்வொருவராகத் திரைமுன் உட்காரவைத்தாள். படத்தில் எங்காவது ஒரு புள்ளி நிறம் மாறும். பார்த்தவுடன் பொத்தானை அழுத்தவேண்டும். திரைக்குக் கீழே இருக்கும் கேமரா, கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டேயிருக்கும்.

தம்பிக்கு நல்ல மதிப்பெண். வந்தவர்களுக்கெல்லாம் நினைவாக அவரவர் கண் போன வழியைப் படமாகக் கொடுத்தனுப்பினாள். கண் அதிகம் நின்ற இடம் சிவப்பு, கொஞ்சம் நின்ற இடம் மஞ்சள், போகாத இடம் வெள்ளை. தம்பி மனைவிக்குப் படச்சட்டம் போடும் கடையில் வேலை. "உங்க தம்பி கண்ணு எங்கெங்க மேயுதுன்னு இப்பவாவது தெரிஞ்சுதே அக்கா" என்று சிரித்துக்கொண்டே நல்ல சட்டமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தாள். எது மேல், எது கீழ் என்று யாருக்கும் தெரியவில்லை. எழுத்தே தெரியாத நான் எங்கே கண்டேன். "சிவப்பு நெறைய இருக்கற பக்கம் கீழ வரட்டும், அடுப்பு எரியற மாதிரி இருக்கும்" என்றேன். கூடத்தில் அப்படியே மாட்டினோம். வந்தவர்களிடமெல்லாம் காட்டினோம்.

ஒரு விடுமுறை நாளில் அந்தப் பெண் வீடு தேடி வந்தாள். உட்கார் என்றால் உட்காரவில்லை. நேரே படத்தின்முன் போய் நின்றாள். அதைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மறுபடி மாட்டினாள்.

"இதுதாம்மா சரியான பக்கம்."

"இதைச் சரிபண்ணவா இவ்ளோ தூரம் வந்த?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு பெரிய தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். எல்லா டிரைவர்களுடைய படங்களும் சின்னச் சின்னதாக, அடுக்குமாடி வீட்டு ஜன்னல்கள் மாதிரி வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் நாலு மூலைக்கும் நிறம் தெளித்திருந்தது. ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் இடது பக்கக் கீழ்மூலை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. பக்கத்துச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்ததே.

"மார்க்கை மட்டும் பாத்தப்போ எனக்கு ஒண்ணும் தெரியலைங்க" என்றாள். "மத்த இடத்துலல்லாம் சார்தான் எல்லாரையும்விட வேகம். கூட்டிப் பாத்தா நல்ல நம்பரா வந்துடுது. படங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்ச அப்புறம்தான் இது கண்ணுல பட்டுது. முதல்ல கேமராதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். ஆனா அதே கேமரா முன்னாடி உக்காந்த வேற யாருக்கும் இப்படி இல்லை."

தம்பி தாளைத் தள்ளிவிட்டான். "அந்த மூலையில நீங்க புள்ளியே வெக்கலை. அப்புறம் எதைப் பாக்கறது?"

"வெச்சேன் சார். எல்லாப் படத்துலயும் வெச்சேன்."

"வெச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

அவன் அதைச் சொன்ன விதம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதில் பொய் ஒரு துளிகூட இல்லை.

அவள் பையிலிருந்து ஒரு மஞ்சள் பென்சிலை எடுத்தாள். "நான் டாக்டர் இல்லை சார். சும்மா ஒரு தடவை பாத்துடலாம். கண்ணைத் திருப்பாம என் மூக்கையே பாருங்க." எதிரில் உட்கார்ந்து பென்சிலை மேலே பிடித்தாள். தெரியுது என்றான். வலது பக்கம் கொண்டுபோனாள். தெரியுது. மெல்ல அவனுடைய இடது பக்கம் கீழே இறக்கினாள்.

"எங்க வெச்சிட்டீங்க?" என்றான்.

பென்சில் அவள் கையில்தான் இருந்தது. தம்பி மனைவி, அவன் வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். பாதியிலேயே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீ எந்திரி, நான் பாக்கறேன். எங்கிட்ட அவன் தப்பாச் சொல்லமாட்டான்" என்று அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். பென்சில் எல்லாம் வேண்டாம். அவனுக்குச் சட்டை மாட்டிவிட்ட கை, அது தெரியாமல் போகுமா? ஐந்து விரலையும் விரித்து அந்த மூலையில் நீட்டினேன்.

"என் மூக்கைப் பாருடா. கை தெரியுதா?"

"விளையாடாதக்கா. கையை நீட்டு மொதல்ல."

என் கை நீட்டித்தான் இருந்தது. பிறகு அவன் கண்ணைத் திருப்பினான். காற்றில் நிற்கும் என் கையைப் பார்த்தான். அவன் முகம் பழந்துணி மாதிரி வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அம்மா போன அன்றுகூட அவன் அப்படி இல்லை.

"கண்ணாடி போட்டா சரியாயிடும்" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

"நாளைக்கு நீங்க வண்டி எடுக்கப்போறதில்ல" என்றாள் மனைவி.

"இத்தனை வருஷமா ஓட்டறேன். என் கையால அந்த வண்டியில ஒரு கீறல்..."

அங்கேயே வாய் நின்றுவிட்டது.

மறுநாள் மதியம் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஓட்டப்போகிறானா, சொல்லப்போகிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை. நானும் செருப்பை மாட்டினேன்.

"டெப்போவுக்குள்ள வெளியாளு வரக்கூடாதுக்கா."

"நான் உனக்கு வெளியாளா? முடிஞ்சா என்னைத் தள்ளிட்டுப் போ."

பிறகு டாக்டர் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண் நல்ல கண்தானாம். தலைக்குப் பின்பக்கம், கண் பார்ப்பதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் என்றோ அடைத்திருக்கிறது. எப்போது என்று யாருக்கும் தெரியாது. வலியில்லை, மயக்கமில்லை. அந்த மூலை இருட்டாகத் தெரிந்திருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பான். இருட்டுகூட இல்லை, அப்படி ஓர் இடமே அவனுக்கு இல்லாமல் போய்விட்டது. எழுத்துப் பரிசோதனையில் எழுத்து நேரே இருப்பதால் பிடிபடவில்லை. போனது திரும்பாது. மற்றது போகாமலிருக்க மாத்திரை. இப்போது டெப்போவிலேயே நேர அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்கிறான்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. பஸ் உள்ளே வந்து நின்றது. விசில் சாவியை சீட்டின்மேல் வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காத மாதிரி இறங்கி நடந்தார். தம்பி முன்பக்கம் சுற்றிப் போய் இடது மூலையில் குந்தினான்.

கீறல்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில். சுற்றி மற்ற எல்லா இடத்திலும் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அந்தப் பெண் விரித்த தாளில் எது வெள்ளையாக இருந்ததோ, அது இங்கே தகரம் தெரியக் கிடந்தது. கம்பத்திலும் நடைபாதைக் கம்பியிலும் உரசியவை. எனக்கு இடுப்பு உயரம். ஒரு பள்ளிப் பிள்ளைக்குத் தோள் உயரம். அதை நினைத்ததும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். இதுவரை ஒருவருக்கும் அடிபடவில்லை. எப்படி என்றுதான் தெரியவில்லை. அந்தப் பக்கம் நின்றவர்கள் தாங்களாகவே ஒதுங்கியிருக்கவேண்டும்.

தம்பி எழுந்து நேர அலுவலகத்துக்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். பிறகு சீட்டிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த விசிலிடம் போய் அவர் கையில் வைத்தான்.

"இந்த ட்ரிப்பை நீயே எடு. உள்ள சொல்லிட்டேன்."

"ஏன், கழுகுக்கு றெக்கை சுளுக்கிடுச்சா?"

"உரசினது நான்தான்."

"அதைத்தானே நானும் சொன்னேன்."

"எனக்குத் தெரியலைடா. அந்த மூலையே எனக்குத் தெரியலை."

விசில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இத்தனை நாள் சேர்த்துவைத்த ஏச்சு அவர் வாய்வரை வந்தது எனக்குத் தெரிந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, சாவியோடு மேலே ஏறினார். சீட்டியடிக்கவில்லை.

பஸ் உறுமியது. தம்பி மறுபடி அந்த மூலைப் பக்கமே போய் நின்றிருந்தான். ஹாரன் அடித்தது. விசில் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"டேய், தள்ளி நில்லு. நீ நிக்கறது எனக்குத் தெரியுது."

அவன் நகரவில்லை. கீறலுக்கு நேராகக் கையைத் தொங்கவிட்டபடி நின்றான்.

"இங்கதானேக்கா நின்னிருப்பாங்க, எல்லாரும்?"

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பஸ் எங்களைத் தொடாமல் திரும்பிப் போனது.