பச்சைப் பெட்டியில் விழுந்த கடிதம்

1950-ஆம் வருஷம், ஆனி மாதம், திருவனந்தபுரத்தில் கரமனை. மழை பெய்து ஓய்ந்து, மறுபடி பெய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமைக் காலை. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்த் தப்பான பெட்டியில் போட்டேன். தெரியாமல் போட்டேனா, வேண்டுமென்றே போட்டேனா என்பது இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் தபால் இரண்டு. ஒன்று இந்தியா முழுவதற்குமான தபால்; அதன் பெட்டி சிவப்பு. இன்னொன்று மகாராஜா காலத்திலிருந்து வந்த எங்கள் சொந்த அஞ்சல்; பெட்டி பச்சை, மேலே சங்கு முத்திரை. நாகர்கோவிலில் இருக்கும் மாமாவுக்கு எழுதினால் பச்சை. மதுரையில் இருக்கும் சித்திக்கு எழுதினால் சிவப்பு. சமஸ்தான எல்லையான ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் பச்சைப் பெட்டிக்கு அதிகாரமில்லை. இது எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் விஷயமே.

நான் போட்ட கடிதம் சென்னைக்கு. அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதார ஆனர்ஸில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. 'சேருகிறேன்' என்று என் கையெழுத்தில் எழுதிய பதில் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு. அதே சமயம் உள்ளூர்க் கல்லூரியிலும் தாவரவியலுக்கு என் பேர் வந்திருந்தது. அங்கே சனிக்கிழமை பணம் கட்ட வேண்டும். இரண்டு ஊர், இரண்டு சர்வகலாசாலை, எனக்கு இருந்ததோ ஓர் உடம்பு.

சென்னை அப்பாவின் ஆசை. அவர் இளவயதில் இரண்டு வருஷம் அங்கே படித்தவர். தாத்தா திடீரென்று போய்விட, பாதியில் திரும்பி வந்து செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா ஆனவர். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் குரலே மாறிவிடும். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. நான் யாருக்கும் காட்டாமல் தமிழில் கிறுக்கிக்கொண்டிருந்த பெண். பள்ளிக்கூடம் மலையாளம், சர்க்கார் கச்சேரி இங்கிலீஷ், தமிழ் என்றால் அது எங்கள் நான்கு தெருவுக்குள் அடங்கிய பாஷை. சென்னையில் கடைப் பலகையெல்லாம் தமிழிலேயே இருக்கும் என்று அப்பா சொல்வார். ஒரு தெரு முழுக்கத் தமிழைப் படித்துக்கொண்டே நடப்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் உள்ளூர்க் கல்லூரியில் என்ன இருந்தது? சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு செடி.

இன்டர்மீடியட் படிக்கும்போது எங்கள் ஆசிரியை ஒருத்தி எங்களைக் கல்லாற்றுக்கு அழைத்துப்போனாள். பொன்முடி மலைக்குக் கீழே, உருண்டைப் பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போகிற இடம். பாறையில் ஏதோ கருத்த பாசி. மிதித்து வழுக்கினேன். ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, அது பாசியில்லை, பூக்கிற செடி, மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்கடியில் பாறையைக் கவ்விக்கொண்டு கிடக்கும், ஆறு வற்றித் தலை வெளியே தெரியும்போதுதான் பூக்கும் என்றாள். அது ஐப்பசி. பூ இல்லை. குனிந்து தொட்டுப் பார்த்தேன். இத்தனை வேகத்தில் இதற்கு என்ன பிடிமானம்? தண்ணீர் வற்றியது இதற்கு எப்படித் தெரியும்? பூ என்ன நிறம்? அந்தக் கேள்விகள் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டன. தாவரவியலில் சேர்ந்தால் தை மாதம் மறுபடி அழைத்துப்போவதாக ஆசிரியை சொல்லியிருந்தாள்.

ஒரு பாறைச் செடிக்காகச் சென்னையை வேண்டாம் என்று எந்தப் பெண் அப்பாவிடம் சொல்வாள்? நான் சொல்லவில்லை. அவர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். தபால்தலையை அவரே ஒட்டினார். ஆபீஸ் கிளம்பும்போது, "புளிமூட்டுத் தபாலாபீஸ்ல போடு. இங்க முக்குல இருக்கறது அஞ்சல் பெட்டி, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். சரிப்பா என்றேன். பஸ்ஸுக்காக முக்கு வரைக்கும் நடந்தேன். அங்கே பச்சைப் பெட்டி நின்றது. கை நீண்டது. உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. வீட்டுக்குத் திரும்பி, போட்டாச்சு என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய்யும் இல்லையே.

அன்று ராத்திரி அப்பா சென்னைக் கடற்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வியாழக்கிழமை அம்மா எனக்கென்று மாவடுவும் எலுமிச்சங்காயும் பரணியில் போட்டு வாயைத் துணியால் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு, கொட்டுகிற மழையில், குடையும் தொப்பியுமாக ஒருவர் வந்து படிக்குக் கீழே நின்றார். முப்பது வயதிருக்கும். நாஞ்சில் நாட்டுப் பேச்சு. "சாமி இல்லியா?" என்றார். அப்பா ஆபீஸ் போயிருக்கிறார் என்றேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அவர் சட்டைக்குள்ளிருந்து, மெழுகுத் துணியில் சுற்றின என் கடிதத்தை எடுத்தார்.

"மக்ளே, இது நம்ம பெட்டியில போடுக கடுதாசி இல்லல்லா?"

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே விவரம் சொன்னார். அவர் அஞ்சல் ஆபீஸ் குமாஸ்தா. வெளியூர்க் கடிதம் அவர்கள் பெட்டியில் விழுந்தால் அதைப் பதிவு புத்தகத்தில் ஏற்றி, மேலாபீஸுக்கு அனுப்பி, அங்கிருந்து தபாலுக்கு மாற்ற வேண்டும். நாலைந்து நாளாகிவிடும். ஆனி மாதத்தில் காலேஜ் விலாசம் போட்ட உறை என்றால் தலைபோகிற அவசரம் என்பது அவர்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியுமாம். உறையின் பின்னால் எங்கள் வீட்டு விலாசம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதைக் கையோடு எடுத்து வந்துவிட்டார். பெட்டியில் விழுந்ததை இப்படித் திருப்பிக் கொடுப்பது சட்டப்படி குற்றம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று குரலைத் தணித்துக்கொண்டார்.

"நாலு மணிக்குள்ள புளிமூட்டுல சிவப்புப் பெட்டியில போட்டாச்சுன்னா இன்னைக்கு வண்டியிலேயே போயிரும். திங்களாழ்ச்ச அங்க கிட்டிரும், கேட்டியா?" என்றவர், படி இறங்கும்போது சிரித்தார். "பச்சையும் சிவப்பும் தெரியாத பிள்ளையா மெட்ராஸுல போயி படிக்கப் போகுது?"

எனக்குக் காது சுட்டது. தெரியும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. தெரியும் என்றால் ஏன் போட்டாய் என்று கேட்பாரே. அவர் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி மழைக்குள் போய்விட்டார். ஒரு வாய் மோர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை நான்.

கடிதம் கையில். இரண்டு நாளாக என் வயிற்றுக்குள் ஒரு திருட்டு நிம்மதி இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. கடிதம் போய்ச் சேராது, இடம் தானாகப் போய்விடும், யாரும் என்னைக் கேட்க முடியாது. பெட்டி முடிவு செய்துவிட்டது என்று இருந்தேன். இப்போது ஒரு மனுஷன் மழையில் நனைந்து வந்து அந்த முடிவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அம்மா வந்ததும், ஆபீஸில் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லி பஸ் பிடித்துப் புளிமூடு போனேன். சிவப்புப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். போடலாம். போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, திங்கட்கிழமை சென்னையில் என் இடம் உறுதியாகிவிடும். போடாமலும் இருக்கலாம், அதுவும் யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு பொய் கூடவே வரும் போலிருந்தது. பெட்டியை விட்டு நடந்து செக்ரட்டேரியட்டுக்குப் போய், வாசல் சேவகனிடம் அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன்.

வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேணும்னே போட்டியா?"

"தெரியலைப்பா."

"தெரியலைன்னா?"

"கை போட்டுடுத்து."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இங்கே அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது என்று கேட்டார். கல்லாற்றுச் செடியைச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. பிடிமானம், தண்ணீர், நிறம் என்று உளறினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"ஒரு பாசிக்காகவா?"

"பாசியில்லைப்பா. பூக்கும்."

உள்ளேயிருந்து இரண்டு குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா மழையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய சென்னை அங்கேதான் எங்கேயோ நனைந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். பிறகு கடிதத்தை என் கையில் வைத்தார்.

"போறதானா போ. இருக்கறதானா இரு. பெட்டி மேல பழியைப் போடாதே. மணி மூணேகால்."

இருக்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் உள்ளே போய் ஒரு தாளும் தபால்தலை ஒட்டிய உறையும் பேனாவும் கொண்டுவந்தார். வராந்தாத் திட்டில் வைத்து, வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று சென்னைக்கு நானே எழுதினேன்; பழைய உறை என் பைக்குள் போனது. இந்தத் தடவை வார்த்தை சொல்லித்தர யாருமில்லை. புளிமூடு வரை அவரும் கூட நடந்தார். நான் போடுவதைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான்குக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, சிவப்புதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போட்டேன்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "அப்போ இந்த ரெண்டு பரணி ஊறுகாயையும் யார் தின்னறது?"

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். கல்லூரி திறந்து ஆறு வாரத்தில் அந்த ஆசிரியைக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்தவருக்கு மலையேறுவதில் விருப்பமில்லை. ஆறு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். என் முறை வரும்போது வெளிச்சம் போய்விடும். சென்னையில் சேர்ந்த என் பள்ளித் தோழி, கடைப் பலகைகளைப் பற்றியே எனக்கு இரண்டு பக்கம் எழுதினாள். அதைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். அந்த நேரத்தில் யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. ஆசிரியையைத் திட்டலாம், அஞ்சல்காரரைத் திட்டலாம். பெட்டியை மட்டும் திட்ட முடியவில்லை. அப்பா அந்த வழியை அடைத்துவிட்டிருந்தார்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே கிளம்பினார். விதுரை வரை பஸ், அங்கிருந்து தேயிலைத் தோட்டத்து லாரி. கல்லாறு பாதியாக வற்றி, பாறைகள் முதுகு காட்டிக் கிடந்தன. அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் மண்டிபோட்டுத் தேடினேன். இருந்தது. காய ஆரம்பித்த கருப்பின் மேல், கடுகளவு கடுகளவாக, வெளிறிய ரோஜா நிறத்தில் ஆயிரம் பூக்கள். எழுத நோட்டுப் புத்தகம் கொண்டுவரவில்லை. பைக்குள் துழாவியபோது அகப்பட்டது அந்தப் பழைய உறைதான். கிழித்து, 'சேருகிறேன்' என்று ஒரு பக்கம் எழுதியிருந்த தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் பூவை வரைந்து இதழை எண்ணி எழுதினேன். அப்பா பேப்பரை மடித்துவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இதற்கு மணம் உண்டா என்று கேட்டார். இருவரும் முகர்ந்து பார்த்தோம். ஆற்று மணம்தான் வந்தது.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இருபது வருஷமாகத் தாவரவியல் கற்றுக்கொடுக்கிறேன். விடைத்தாள் திருத்த ஒரு தடவை சென்னை போனபோது, அந்தக் கல்லூரி வாசலில் போய் நின்றேன். பெண்கள் கூட்டமாக வந்தார்கள். இதில் எந்தச் சிரிப்பு நான் சிரித்திருக்க வேண்டியது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வருத்தமில்லை, வேடிக்கைதான். இங்கே வந்து சேர்ந்திருக்கக்கூடிய அந்த இன்னொரு நான், அவள் என்ன எழுதியிருப்பாள்? அவள் தமிழில் மலையாள வாடை அடித்திருக்காது. பக்கத்துப் பெட்டிக்கடையில் சோடா கேட்டேன், கடைக்காரர், "கேரளாவாம்மா?" என்றார்.

அந்த அஞ்சல் குமாஸ்தாவை அப்புறம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அந்த மழைக்கு மறு வருஷம் இரண்டு தபாலும் ஒன்றாகிவிட்டன. கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "மெட்ராஸ் எப்பிடி மக்ளே?" என்றார். போகவில்லை அண்ணாச்சி, இங்கேதான் படிக்கிறேன் என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அய்யோ, அப்போ நான் அந்த மழையில வந்தது வெறுதேயா?"

வீணில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் ஆட்டினேன், அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ. அன்றைக்கு அவர் வராமலிருந்தாலும் நான் இதே ஊரில், இதே கல்லூரியில்தான் படித்திருப்பேன். ஆனால் என்னை இங்கே இருக்க வைத்தது ஒரு பச்சைப் பெட்டியாக இருந்திருக்கும். இப்போதும் கடிதம் போடப் போனால், கையைப் பெட்டி வாய்க்குள் விட்டபடி ஒரு நொடி நின்று, போடுவது கையா நானா என்று கேட்டுக்கொள்கிறேன், அண்ணாச்சி. நீங்கள் அந்த மழையில் வந்தது வெறுதே இல்லை என்பதற்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த ஒரு நொடிதான்.