வண்டி நிற்காத இடம்

கல்லறைத் திருநாளன்று எங்கள் வீட்டில் யாரும் கல்லறைக்குப் போனதில்லை. டெல்லியில் எங்களுக்குக் கல்லறையே கிடையாது என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்த காரணம். எங்கள் வீட்டில் செத்தவர்கள் எல்லோரும் தூத்துக்குடியில் பத்திரமாக இருந்தார்கள். நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் அம்மா மாமாவுக்குப் போன் போடுவாள். மாமா கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு, பூ வைத்தாயிற்று, மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று, காற்றில் நிற்கமாட்டேன் என்கிறது என்று நேர்முக வர்ணனை கொடுப்பார். நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி நின்று பரலோக மந்திரம் சொல்லுவோம். அதன் பிறகு அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் அம்மா அந்த வழக்கத்தை மாற்றினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை அவளுக்கு. லீவு என்ற சொல்லையே சுலபத்தில் வாயில் எடுக்கமாட்டாள். அன்று காலை காபியை ஆற்றிக்கொண்டே, லீவு போட்டாயிற்று, டிக்கெட்டும் வாங்கியாயிற்று, மத்தியானம் துக்ளகாபாத் பார்க்கப் போகிறோம் என்றாள்.

துக்ளகாபாத் டெல்லியின் தெற்குக் கோடியில் இருக்கிறது. பாறைக் குன்றுகளின் மேல் ஒரு சுல்தான் அவசரமாகக் கட்டி, ஜனங்கள் அதைவிட அவசரமாகக் காலி செய்துவிட்டுப் போன நகரம். அதை டெம்போ வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும் ஏற்பாடு அப்போது ஒன்று இருந்தது. வேறு நாளாக இருந்தால் அப்பா இதை வைத்தே ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பார். இத்தனை வருஷமாக டெல்லியில் இருந்தும் குதுப்மினாரைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை உண்டு. அன்று அவர் பல் துலக்கும் பிரஷை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"அங்க எதுக்கு?"

"எங்கன்னு நீங்க சொல்ல மாட்டேங்கீங்க. நானே பாத்துக்கிடுதேன்."

"பாக்கதுக்கு அங்க ஒண்ணுமில்ல."

"இருக்கோ இல்லையோ. எடத்த மட்டும் காட்டுங்க, வேற ஒண்ணும் கேக்கல."

அப்பா வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டார். எனக்கு இவ்வளவு மட்டும் பிடிபட்டது: அந்தப் பழைய நகரத்தில் ஏதோ ஓர் இடம் இருக்கிறது, அது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால் அவர்கள் அந்தக் கோட்டைச் சுவரை ஒட்டிய கிராமத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்து, அப்பா அங்கே நகையைப் புதைத்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அம்மாவின் கழுத்தில் ஒற்றைச் சங்கிலிக்கு மேல் எதுவும் இல்லாததற்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

டெம்போவில் இரண்டு பக்கமும் நீளமான பெஞ்சு. எதிரெதிராக முகம் பார்த்து உட்கார வேண்டும். வண்டி சுவரை வலது பக்கம் வைத்துச் சுற்றும், சுவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் இடது பெஞ்சில் உட்காருங்கள் என்று கைடு மைக்கில் சொன்னான். அம்மா அப்பாவை அந்தப் பக்கம் உட்கார வைத்தாள். அவள் நேர் எதிரே, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். காசு கொடுத்துக் கோட்டை பார்க்க வந்தவள் ஏன் இப்படி உட்காருகிறாள் என்று எனக்கு எரிச்சல். நான் மட்டும் முழங்காலிட்டுத் திரும்பி ஜன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டேன்.

நவம்பர் புகைமூட்டம் இறங்கியிருந்தது. பட்டப்பகலிலேயே சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. புகைக்குள்ளிருந்து சுவர் திடீரென்று வந்து நின்றது. மேலே போகப்போக உள்பக்கம் சாய்ந்த சுவர். அதன் மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. எங்கேயோ மயில் கத்தியது. யாரோ ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நான் பதில் சொல்லப் போனேன்.

கைடு கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றிய இளைஞன். ராஜாக்கள் கதையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு அவன் பேய்க் கதைக்கு வந்துவிட்டான். கூட்டத்துக்கு எது வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் இந்த வழியே குதிரைகள் ஏறும் சத்தம் கேட்குமாம். படிக்கட்டில் தனியாக நிற்கும் பெண்களோடு ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுமாம். வந்ததன் அடையாளம், அந்தப் பெண் கண்ணிமைக்கமாட்டாள். சிரித்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணிமைக்காமல்.

பெரிய வாசலில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கிக் கல் படிகளில் ஏறினோம். பூமிக்கு அடியில் ஒரு பழைய கடைவீதி, இரண்டு பக்கமும் இருட்டு அறைகள். கைடு டார்ச் அடித்ததும் வௌவால்கள் எழும்பின. ஆளுக்கொரு பக்கம் தலையைக் குனிந்தார்கள். அம்மா குனியவில்லை. டார்ச் வெளிச்சம் போன இடமெல்லாம் மற்றவர்கள் பார்க்க, அவள் அந்த வெளிச்சம் அப்பாவின் முகத்தில் படும் நொடிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா சுவரையும் கூரையையும் பார்த்தார், அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. இடம் இங்கே இருந்தால் அவர் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவள் நம்பினாள். அவருக்கும் அது தெரிந்திருந்தது. வேண்டுமென்றே கல்லாகி நின்றார்.

கைடு சொன்ன அடையாளம் நினைவுக்கு வந்தது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பிள்ளைகள், இல்லை, டெல்லிப் பேய்க்குப் பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும் என்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு விதமாகவும் அம்மாவின் காலைச் சோதித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் செருப்பு முன்பக்கம் பார்த்து, புழுதியில் நன்றாகப் பதிந்துதான் நின்றது. ஆனாலும் எனக்குச் சமாதானமாகவில்லை. அப்பாவின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டேன். அது ஈரமாக இருந்தது.

"அம்மாவுக்கு என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. இப்பம் வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

அவர் அப்படித்தான் நினைத்திருப்பார். சுல்தானின் சமாதியையும் பார்த்துவிட்டு வண்டி திரும்பத் தொடங்கியிருந்தது; இனி நிறுத்தம் இல்லை, சுவரைச் சுற்றிக்கொண்டு நேராகப் புறப்பட்ட இடம்தான் என்று கைடு சொல்லி மைக்கை அணைத்துவிட்டான். வண்டியில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். அம்மா மட்டும் தன் வேலையை விடவில்லை. முகத்தில் களைப்பு தெரிந்தது. தோற்றுப்போகப் போகிறாள் என்று எனக்கே தோன்றியது, பாவமாகவும் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். பஸ்ஸில் போகும்போது வழியில் மாதா கோயிலோ கல்லறைத் தோட்டமோ வந்தால் எங்கள் கை தானாக எழும்பிச் சிலுவை போட்டுக்கொள்ளும். பேசிக்கொண்டே போடுவோம், கடலை தின்றுகொண்டே போடுவோம். போட்டதே நினைவிருக்காது.

சுவர் ஓர் இடத்தில் வளைந்தது. மேலேயிருந்து உருண்டு விழுந்த பெரிய கற்கள், அவற்றுக்கிடையே சீமைக்கருவேல மரங்கள், முள்ளில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பைகள். கைடுகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் வலது கை மடியிலிருந்து எழும்பியது. நெற்றியைத் தொட்டது, நெஞ்சைத் தொட்டது. இடது தோளுக்கு வந்தபோதுதான் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். கை அங்கேயே நின்றுவிட்டது.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அப்பா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அம்மா எழுந்து டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய், "பையா, ரோக்கோ" என்றாள். இது நிறுத்தமில்லை, இங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்று கைடு பணிவாகத்தான் சொன்னான். வார்டில் குடித்துவிட்டு வந்து ரகளை செய்யும் ஆண்களைப் படுக்கையில் படுக்க வைக்கிற ஒரு குரல் அம்மாவிடம் உண்டு. சத்தமே இருக்காது. அந்தக் குரலில் இன்னொரு தடவை சொன்னாள். டிரைவர் நிறுத்திவிட்டான்.

அம்மா இறங்கிச் சாலையோரத்தில் நின்றாள். அப்பா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வண்டியில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள், முணுமுணுப்பு கிளம்பியது. அவர் இறங்காவிட்டால் அவள் அந்த முள்ளுக்குள் எங்கே என்று போவாள்? அவள் கெஞ்சவில்லை, கூப்பிடவும் இல்லை. புகைக்குள் நின்று அவரைப் பார்த்தாள். கடைசியில் அவர் எழுந்தார். என்னைக் கடந்து இறங்கி, அவளைத் தாண்டி முன்னால் நடந்தார்.

"முள்ளு கெடக்கு. பாத்து வா" என்றது மட்டும் கேட்டது.

வண்டிக்குள் தனியாக இருக்கப் பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன். இரண்டு கற்களுக்கு நடுவில், ஒரு மரத்தடியில் அப்பா நின்றார்.

"இதா?"

"ம். மரம் அப்பம் சின்னதா இருந்துச்சு."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "தல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

நகைக்குத் தலை கிடையாது என்கிற அளவுக்கு எனக்கு விவரம் உண்டு. அப்பா கொஞ்ச நேரம் யோசித்து, கையை நீட்டி, சுவர்ப் பக்கமாகக் காட்டினார். அம்மா அந்தப் பக்கமாகப் போய் மண்டியிட்டாள். உள்ளங்கையால் தரையைத் தடவி, சருகையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் எடுத்து அப்பால் போட்டாள். தோண்டப் போகிறாள் என்று ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவள் தோண்டவில்லை. பக்கத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அதன் மேலேயே போட்டாள்.

"ஏட்டி, நீயும் ஒரு பிடி போடு."

போட்டேன். சொன்னபடி கேட்டால் சீக்கிரம் போய்விடலாம் என்பதுதான் என் எண்ணம்.

"ஞானஸ்நானம்கூடக் குடுக்கலயே" என்றாள் அம்மா.

"துண்டுல சுத்திக் கொண்டாந்தேன். வீட்டுக்கார பையாதான் கூட வந்தாரு" என்றார் அப்பா. "சொன்னா நீ இங்கயே வந்து கெடந்துருவியோன்னு பயந்துட்டேன்."

"கெடந்துட்டுப் போறேன். ஒங்களுக்கென்ன" என்றாள் அம்மா. அதில் கோபமே இல்லை. சாலையில் கைடு ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து ஏறியபோது யாரும் எங்களைத் திட்டவில்லை. அம்மாவின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துவிட்டு எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இந்தத் தடவை அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது, கண்ணும் ஒழுங்காக இமைத்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் அதிகமானது. அப்படி ஒரு சாந்தமான முகத்தை நான் எங்கள் வீட்டில் அதுவரை பார்த்ததில்லை. இது அம்மாதானா என்று சந்தேகமாக இருந்தது. கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சால்வை போர்த்திய ஒரு பஞ்சாபி அம்மாள் இருந்தார். வண்டியின் இறுக்கத்தைக் குறைக்க நினைத்தாரோ என்னவோ, கைப்பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்து எனக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டு, ஒரே குழந்தைதானா என்று அம்மாவிடம் கேட்டார். டெல்லியில் எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

அன்று அவள் தலையை ஆட்டவில்லை. "ரெண்டு" என்றாள். "மூத்தவன் பையன். இங்கேதான் இருக்கான்."

இந்தியில்தான் சொன்னாள். என் தமிழைவிட என் இந்தி நன்றாக இருந்த வயது அது, தவறாக விளங்கிக்கொள்ள வழியில்லை. அந்த அம்மாள் "அச்சா, அச்சா" என்று சிரித்து, இன்னொரு பிடி கடலையை அள்ளி, பையனுக்குக் கொடு என்று நீட்டினார். அம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். அப்பா மறுத்து ஏதாவது சொல்லுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் முந்தானையிலிருந்து வெளியே விழுந்த இரண்டு கடலையைப் பொறுக்கி மறுபடியும் உள்ளே போட்டார்.

நான் கால் இரண்டையும் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன். வண்டி முழுவதும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன், இவர்களில் அவன் யார் என்று.